கருங்கண்ணிப் பருத்தியில் கையால் நூற்று ஒரு வேட்டி நெய்ய முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு விருதுநகர் பக்கம் 10 சென்ட் கரிசல் நிலம் இருக்கிறது. அதில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியைப் போட்டு, தானே கையால் நூற்று, அப்பாவுக்கு ஒரு வேட்டி நெய்துகொடுக்க ஆசை. நிலம் போதுமா, எவ்வளவு நேரம் பிடிக்கும், தக்ளி (கையால் சுழற்றும் நூற்புக் கதிர்) போதுமா ராட்டை வேண்டுமா என்று கேட்கிறார். நாட்டுப் பருத்தி குட்டை இழை, அதில் உருப்படியாக நூல் வராது என்று யாரோ சொன்னதும் அவரை உறுத்துகிறது. பின்னால் இதைக் கதர் என்று விற்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

நிலம் தாராளமாகப் போதும். ஒரு சென்ட்டே போதும். கணக்கு போட்டுப் பார்ப்போம். மானாவாரியில், சுமாரான மழை வருஷத்தில் ஏக்கருக்கு 3 குவிண்டால் பருத்தி என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு சென்ட்டுக்கு 3 கிலோ. கொட்டை போக அதில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, அதாவது ஒரு கிலோ. சுத்தம் செய்வதிலும் நூற்பதிலும் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துபோகும். மீதி 800 கிராம் நூல். 20ஆம் நம்பர் நூலில் (நம்பர் கூடக் கூட நூல் மெலிது) ஒரு நாலு முழ வேட்டிக்குச் சுமார் 300 கிராம் பிடிக்கும். ஆக ஒரு சென்ட்டில் இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் தேறும். மீதி ஒன்பது சென்ட்டில் உளுந்தோ கம்போ போடுங்கள். முதல் வருஷமே 10 சென்ட்டிலும் பருத்தி போட்டால் 30 கிலோ பருத்தி வந்து நிற்கும். கையால் கொட்டை எடுக்க வேண்டும் என்றால் அது ஒரு மலை.

விதைப்பு புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை முளைக்க வைக்கும், அதற்குப் பிறகு கரிசல் பிடித்துவைத்த ஈரத்திலேயே செடி தாக்குப்பிடிக்கும். ஏறக்குறைய ஐந்து மாதப் பயிர். மாசி, பங்குனியில் வெடிக்கும். விதையின் மேல் குட்டைப் பஞ்சு ஒட்டியிருப்பதால் ஒன்றோடொன்று சிக்கும். சாணியும் மண்ணும் கரைத்த கூழில் புரட்டி நிழலில் காயவைத்தால் தனித்தனியாக உதிரும்.

சுற்றிலும் மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்தி போட்டிருக்கிறார்களே, விதை கலந்துவிடாதா என்று பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். கருங்கண்ணி ஆர்போரியம் இனம், 26 குரோமோசோம். பிடி பருத்தி ஹிர்சூட்டம் இனம், 52 குரோமோசோம். வயலில் இவை இரண்டும் கலந்து முளைக்கும் விதை தருவது மிகமிக அபூர்வம். பக்கத்திலேயே வேறொரு நாட்டு ரகம் இருந்தால்தான் கவனம் தேவை. விதை கிடைப்பது சிரமமாக இருந்தால் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். 'கே' என்ற எழுத்தில் தொடங்கும் கருங்கண்ணி ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான்.

பருத்தி எடுக்கும் நேரம் முக்கியம். காலையில், இலையில் ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் காயைச் சுற்றியுள்ள சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூசியை அப்புறம் எடுக்கவே முடியாது, நூலில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எடுத்து வந்ததை நன்றாகக் காயவைத்துக்கொள்ளலாம்.

சரி, குட்டை இழை விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்னது மில்லின் நியாயம். கருங்கண்ணி இழையின் நீளம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மில்லில் பஞ்சை இழுத்து மெலிதாக்குவது உருளைகள். உருளைக்கு உருளை இடைவெளி ஒன்றுதான். இழையெல்லாம் ஒரே நீளமாக, நீளமாக இருந்தால்தான் வேகமாக ஓட்ட முடியும். கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்த இடத்தில் பஞ்சு தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று விரல் உணர்ந்து, அதற்கேற்ப இழுக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மில்லுக்குப் போகும் பஞ்சை 170 கிலோ பொதியாக அழுத்திக் கட்டுகிறார்கள். தூரமாக அனுப்ப அதுதான் வசதி. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறியபோதும் அழுத்திய பொதியாகத்தான் போனது. அப்படி இறுக்கிய பஞ்சை மறுபடி பிரித்துக் கலைக்க மில்லில் ஓர் இயந்திர வரிசையே தேவைப்படுகிறது. அதில் அடிபட்டு இழை சேதமாகும். நீள இழை அந்த அடியைத் தாங்கும், குட்டை இழைக்குத்தான் நஷ்டம். உங்கள் நிலத்தில் எடுத்த பஞ்சைப் பொதி கட்டப் போவதில்லையே. கொட்டையைச் சுற்றி வளர்ந்தபோது இருந்த ஒழுங்கு ஓரளவு அப்படியே இருக்கும்போதே அதை நீங்கள் நூற்கிறீர்கள். ஆந்திரா, தெலங்கானா பக்கம் உஸ்ரம்மா முன்னெடுத்த மல்கா துணிக்கும் அடிப்படை இதுதான்: பருத்தி விளையும் இடத்துக்குப் பக்கத்திலேயே சிறிய இயந்திரங்களில், பொதி கட்டாமல் நூலாக்குவது.

குட்டை இழையில் மெல்லிய நூல் வருமா என்று யாராவது கேட்டால் பொந்தூருவைக் காட்டுங்கள். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்து ஊர். அங்கே பெண்கள் உள்ளூர் நாட்டுப் பருத்தியில் 100ஆம் நம்பருக்கு மேல் கையால் நூற்கிறார்கள். எப்படி? கொட்டையோடு இருக்கும் பருத்தியை முதலில் சீவுகிறார்கள். சீப்பு என்ன தெரியுமா? மீனின் தாடை. நம் ஆறுகளில் வாளை என்கிறோமே, அந்த மீன். அதன் தாடையில் நெருக்கமாக இருக்கும் நுண்ணிய பற்கள் இழைகளை ஒரே பக்கமாகப் படியவைத்து, தூசியையும் சிக்கையும் வெளியே எடுத்துவிடும். அதன் பிறகுதான் கொட்டை எடுப்பு, வில்லால் கொட்டுவது, பட்டை (நூற்பதற்காகச் சுருட்டிய பஞ்சு) போடுவது எல்லாம். டாக்கா மஸ்லினுக்கும் இதே மீனின் தாடையைத்தான் சீப்பாக வைத்திருந்தார்கள். அங்கேயும் பருத்தி ஆர்போரியம் இனம்தான். வங்காளத்திலும் கலிங்கத்துக் கரையிலும் ஒரே மீன், ஒரே வேலை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கைநூற்பு பழகுகிறவர்கள் எல்லோரும் ராட்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த ராட்டை, எத்தனை கதிர், விலை என்ன. பஞ்சைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நூல் நன்றாக வருமா வராதா என்பதில் பாதிக்கு மேல் ராட்டையில் கை வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். பட்டை நன்றாக இருந்தால் சுமாரான ராட்டையிலும் நூல் வரும். பட்டை மோசமாக இருந்தால் தங்கத்தில் ராட்டை செய்தாலும் பத்து விநாடிக்கு ஒரு தடவை அறும்.

அதனால் நேரத்தை அங்கே செலவழியுங்கள். கொட்டை எடுக்க வெறும் விரல் மட்டும் என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு கைப்பிடிப் பஞ்சுதான் சேரும். வழவழப்பான பலகையில் ஒரு கொத்து பருத்தியை வைத்து, விரல் கனத்தில் ஒரு இரும்புக் கம்பியை அதன்மேல் அழுத்தி உருட்டினால் கொட்டை முன்பக்கம் துள்ளிவிடும், பஞ்சு பின்னால் தங்கும். சின்னதாக இரண்டு உருளை எதிரெதிராகச் சுற்றும் கைக்கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவானாலும், பருத்தியை ஒரு மணி நேரம் உச்சி வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் செய்யுங்கள். ஈரம் இருந்தால் கொட்டை விடாது. ஊரில் இருக்கும் பருத்தி அரைவை (ஜின்னிங்) மில்லில் கொடுக்கலாமே என்று தோன்றும். மூன்று கிலோவுக்காக அவர்கள் இயந்திரத்தைச் சுத்தம் செய்யப் போவதில்லை. உங்கள் கருங்கண்ணி உள்ளே போய், வேறு எதுவோ வெளியே வரும். மெத்தைக் கடை இயந்திரத்தில் அடித்து வாங்கும் யோசனையும் வேண்டாம். அது மெத்தைக்குச் சரி, நூலுக்கு இழையை நொறுக்கிவிடும்.

பஞ்சு கொட்டுவதற்கு ஒரு சின்ன வில் போதும். மூங்கிலில் நரம்புக் கயிறு கட்டி, நாணை விரலால் சுண்டினால் பஞ்சு மேகமாகப் பிரியும். நெருக்கமான கம்பிப் பற்கள் உள்ள கைச்சீப்பு ஒரு ஜோடி இருந்தாலும் சரிதான். பிரிந்த பஞ்சை ஒரு குச்சியின்மேல் மெதுவாகச் சுருட்டி, குச்சியை உருவினால் பட்டை. சுண்டுவிரல் கனம், ஒரு சாண் நீளம். இறுக்கிச் சுருட்டாதீர்கள். நல்ல பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கட்டியோ நிழலோ தெரியாது. செய்த பட்டையை அன்றைக்கோ மறுநாளோ நூற்றுவிடுங்கள், கிடக்கக் கிடக்க அமுங்கிப்போகும்.

இனி ராட்டை. முதல் மாதம் தக்ளி வாங்குங்கள். விலை அதிகமில்லை, சட்டைப் பையில் கிடக்கும், இழுப்புக்கும் முறுக்குக்கும் உள்ள உறவை அதுதான் கற்றுக்கொடுக்கும். கை படிந்த பிறகு பெட்டி ராட்டை, அதாவது எரவாடா சிறையில் காந்தி இருந்தபோது உருவான மடக்கு ராட்டை. அம்பர் சர்க்கா உங்களுக்கு வேண்டாம். அதைக் கண்டுபிடித்த ஏகாம்பரநாதன் நம் தமிழ்நாட்டுக்காரர், அவர் பெயர்தான் அதற்கு வந்தது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அது பல கதிர்களை ஒரே கையில் ஓட்டுவதற்கான சின்ன மில். இழுக்கும் வேலையை உருளைகள் செய்யும், ஆகவே இழை நீளப் பிரச்சினை அங்கே திரும்ப வந்துவிடும். சீராக முன்தயாரிப்பு செய்த பஞ்சுத் திரியும் வேண்டும். கதர் நிறுவனங்களுக்கு அந்தத் திரி சித்ரதுர்கா போன்ற ஊர்களில் உள்ள மத்திய ஆலைகளில் இருந்து வருகிறது. கதர்த் துணி கையால் நூற்றது, சரி. ஆனால் அதன் பருத்தி உங்கள் ஊரில் விளைந்தது என்று அர்த்தமில்லை.

கைத்தறித் துணி இன்னும் தூரம். அதில் பெரும்பாலும் நூலே மில் நூல். மில்கள் தங்கள் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாக, அதாவது வளையமாகச் சுற்றிய நூல் கட்டாக, கைத்தறிக்கு விட வேண்டும் என்று சட்டம் போட்டு, 40 சதவீதமாக இருந்ததை 2019இல் 30 ஆகக் குறைத்திருக்கிறார்கள். மில் நூல் வந்தபோது முதலில் செத்தது கைநூற்பு. தறி தப்பிப் பிழைத்தது. நடுவில் இருந்த கொட்டுவது, பட்டை போடுவது, நூற்பது எல்லாம் போய்விட்டதால்தான் இன்று நெசவுத் தெருவுக்கும் பருத்திக் காட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது.

நூற்ற நூலை 1000 மீட்டராகச் சுற்றினால் ஒரு சிட்டம். அதைக் கிராம் தராசில் வையுங்கள். 590-ஐ அந்த எடையால் வகுத்தால் நூல் நம்பர் கிடைக்கும். 59 கிராம் வந்தால் 10ஆம் நம்பர், 29 அல்லது 30 கிராம் வந்தால் 20ஆம் நம்பர். ஒவ்வொரு சிட்டத்தையும் எடை போட்டு ஒரு சீட்டு கட்டி வையுங்கள். முறுக்கையும் பாருங்கள்: நூலைத் தளர்த்தினால் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ள வேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் முறுக்கு, குறுக்கே போகும் ஊடைக்குக் கொஞ்சம் குறைவு.

நேரம் என்று பார்த்தால், நாலு முழ வேட்டி என்பது சுமார் 2 மீட்டர் நீளம், 50 அங்குல அகலம். அங்குலத்துக்குப் பாவில் 44 இழை, ஊடையில் 40 இழை என்று வைத்தால், கழிவோடு 10,000 மீட்டர் நூல், அதாவது 10 சிட்டம். புதிதாகப் பழகி ஓரளவு கை வந்தவர் ராட்டையில் மணிக்கு 200 மீட்டர் நூற்கலாம். 50 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதத்துக்குள். பஞ்சு வேலைக்கு அதே அளவு நேரம் தனியாக வையுங்கள். பங்குனியில் பருத்தி எடுத்தால் தீபாவளிக்கு வேட்டி என்பது நடக்கக்கூடிய கணக்கு.

ஆனால் முதல் துணியாக வேட்டியை எடுக்காதீர்கள். 10ஆம் நம்பரில் ஒரு துண்டு, 30க்கு 60 அங்குலம், மூன்றே சிட்டம். மேசைமேல் வைக்கும் சின்னத் தறியில் இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைத்துக்கொள்ளலாம். தடிமன் ஏறி இறங்கினாலும் துண்டில் அது அழகுதான், தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும்.

கைநூலின் உண்மையான பரீட்சை பாவில்தான். ஊடை நூல், தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் இருந்து அவிழ்ந்து போய்ப் படுத்துக்கொள்ளும், அதற்குப் பெரிய கஷ்டம் இல்லை. பாவு நூலோ இறுக்கத்தில் நின்று, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும், ஊடையை அடித்து நெருக்கும் அச்சிலும் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றை இழைக் கைநூலை அப்படியே பாவு ஓட்டினால் பஞ்சு பஞ்சாக எழும்பி அறுந்துபோகும். கஞ்சி கட்டாயம். நெசவு ஊர்களில் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் சீராகப் பரவும் முன்பே கஞ்சி காய்ந்துவிடும். நீங்கள் சின்ன அளவில் செய்வதால் சிட்டத்தையே நீர்த்த அரிசிக் கஞ்சியில், ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறவைத்துப் பிழிந்து, கனம் கட்டித் தொங்கவிட்டு, அவ்வப்போது உதறிக் காயவைத்தால் போதும்.

பருத்திக்கு ஒரு விசேஷம், நனைந்தால் பலம் கூடும். குழியில் கால் வைத்து நெய்யும் குழித்தறியில் பாவு தரையை ஒட்டி ஓடுவதால் மண்ணின் ஈரப்பதம் நூலுக்குத் துணையாக இருக்கும். சித்திரை, வைகாசியில் விருதுநகர் காற்றில் வீட்டு மாடியில் தறியை வைத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். தரைத் தளத்தில், தண்ணீர் தெளித்த தரையில் வையுங்கள்.

வேட்டிக்கு 50 அங்குல அகலத் தறி வேண்டும். அது வீட்டில் நடக்காது, நெசவாளரிடம்தான் போக வேண்டும். இரண்டு மீட்டர் துணிக்காக யாரும் தனியாகப் பாவு ஏற்ற மாட்டார்கள். பாவு இழைகளை அச்சுப் பிணைப்பதற்கே ஒரு நாள் போய்விடும், தறியில் வீணாகும் நூலே ஒரு மீட்டர் இருக்கும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஏற்கெனவே வேட்டிப் பாவு ஏறியிருக்கும் தறியில், பாவு அவருடையது, ஊடை உங்களுடையது என்று பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் நான்கரை அல்லது ஐந்து சிட்டம் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றிக் கொடுத்தால் போதும். தாரை அவர் வீட்டில் சுற்ற வைக்காமல் நீங்களே சுற்றிக்கொண்டு போவது மரியாதை. அடுத்த வருஷம் பாவும் உங்கள் நூலாக, நாலைந்து வேட்டிக்குச் சேர்த்து ஏற்றலாம்.

கூலி விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெசவாளருக்குப் பொதுவாக மீட்டர் கணக்கில் அல்லது உருப்படிக் கணக்கில்தான் கூலி. சீரில்லாத கைநூலை ஓட்டினால் அவர் வேகம் பாதியாகும், அந்த நஷ்டம் அவர் தலையில் விழும். கைநூல் என்றாலே பல நெசவாளர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான், பாரம்பரியத்தை மறந்ததனால் அல்ல. நாள் கூலியாகப் பேசுங்கள்.

நெய்து வந்ததை முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி போக அலசுங்கள். கைநூல் துணி கணிசமாகச் சுருங்கும், அதனால் கரை தைப்பதெல்லாம் முதல் சலவைக்குப் பிறகு. நாலு முழம் கச்சிதமாக வேண்டுமென்றால் தறியிலேயே அரை சாண் கூட்டி நெய்யச் சொல்லிவிடுங்கள்.

வாழை நார், கற்றாழை நார், எருக்கம் பஞ்சு இவற்றையும் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சென்னை பக்கம் அனகாபுத்தூரில் வாழை நாரில் சேலையே நெய்கிறார்கள். ஆனால் நாரை நூற்பதில்லை, கிழித்து முடிந்து நீட்டுகிறார்கள், அது வேறு கைவேலை. எருக்கம் பஞ்சு வழுக்கும், தனியாக முறுக்கில் நிற்காது. பத்தமடைக்காரர்கள் கோரையை நூற்காமலேயே ஊடையாகக் கொடுத்துப் பாய் நெய்கிறார்கள். உங்களுக்கு அது பக்கம்தான், ஒரு தடவை போய்ப் பாருங்கள். வேட்டிக்குப் பருத்தியோடு நில்லுங்கள்.

விற்பதைப் பொறுத்தவரை, 1956ஆம் ஆண்டுக் கதர், கிராமத் தொழில் ஆணையச் சட்டத்தின்படி இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு அல்லது கம்பளி நூலில், இந்தியாவில் கைத்தறியில் நெய்ததுதான் கதர். பாவு மில் நூலாக இருந்தால் அது கதர் ஆகாது. முழுக்கக் கைநூலாகவே இருந்தாலும், கதர் என்று பெயர் போட்டு விற்க 2013இல் வந்த விதிகளின்படி காதி முத்திரை வாங்க வேண்டும். அப்பாவுக்குக் கொடுக்கும் வேட்டிக்கு இது எதுவும் வேண்டாம். நாலைந்து பேருக்கு விற்கும் யோசனை இருந்தால் 'கையால் நூற்ற கருங்கண்ணித் துணி' என்று சீட்டில் எழுதி, பாவு எந்த நூல், ஊடை எந்த நூல் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.